தண்டனைக்கும் கணக்கு வேண்டும்

1908-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பதினைந்து நாள் இடைவெளியில், இந்தத் தேசத்தின் இரண்டு கோர்ட்டுகளில் இரண்டு தீர்ப்புகள் சொல்லப்பட்டன. 7-ந் தேதியன்று திருநெல்வேலி செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே, தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். 22-ந் தேதியன்று பம்பாய் ஹைகோர்ட்டு ஜட்ஜ் தாவர், லோகமான்ய திலகருக்கு ஆறு வருஷத் தீவாந்தர சிட்சை விதித்தார். இருவர் மீதும் சுமத்தப்பட்ட பிரதான குற்றம் ஒன்றே. இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவில் கண்ட ராஜத்துவேஷம். ஒருவர் பேசினார், மற்றவர் எழுதினார். ஒரே சட்டம், ஒரே மாதம், ஒரே சர்க்கார். ஒருவருக்கு ஆறு வருஷம். மற்றவருக்கு ஆயுள் முழுவதும், அதுவும் இரண்டு தடவை.

அப்பீலில் பிள்ளையவர்களின் தண்டனை வெகுவாகக் குறைக்கப்பட்டது. 1912-ல் அவர் விடுதலையும் அடைந்தார். ஆயினும் அதற்குள் கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்க வைக்கப்பட்டார். அந்தச் செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. கொங்கு நாட்டார் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் 1922 மார்ச் 18-ந் தேதி, அதே 124-ஏ பிரிவின் கீழ் மகாத்மா காந்தி ஆமதாபாத்தில் விசாரிக்கப்பட்டார். ஜட்ஜ் புரூம்பீல்டு அவருக்கு ஆறு வருஷ வெறுங்காவல் விதித்தார். விதிக்கும்போது, திலகருக்கு முன்பு கிடைத்த தண்டனையை எடுத்துக்காட்டி, தாம் அந்த அளவை ஏன் மேற்கொண்டார் என்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அந்நிய ஆட்சியின் நீதிபதியைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஆனால் முன்பு கொடுத்த தண்டனையைப் பக்கத்தில் வைத்து, இப்போது கொடுக்கும் தண்டனையை நிறுத்துப் பார்க்கும் அந்த முறை நியாயத்தின் முதல் பாடம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

தலைவர்களுக்குக் கிடைத்த தண்டனைகளைத் தேசம் முழுவதும் அறிந்திருந்தது, பத்திரிகைகள் அச்சிட்டன, ஆகவே ஒப்பிட முடிந்தது. இன்று ஈரோட்டிலோ பவானியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ தண்டனை அடையும் ஒரு சாதாரணப் பிரஜைக்கு இந்த ஒப்பீடு கிடைக்கிறதா? கிடைக்கவில்லை. சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் கிடைக்கவில்லை. எந்தக் குற்றத்துக்கு, எந்தக் கோர்ட்டில், எத்தனை பேருக்கு, எவ்வளவு தண்டனை விதிக்கப்படுகிறது என்ற கணக்கை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதை எளிதில் தேடிப் பார்ப்பதற்கு ஓர் இணையச் செயலி ஏற்பட வேண்டும். இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

மஞ்சளுக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை

ஈரோட்டு மஞ்சள் சந்தையை அறியாதவர் நம் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் நடக்கும் ஏலத்தில், விரலி மஞ்சள் குவிண்டால் குறைந்தபட்சம் என்ன விலை, அதிகபட்சம் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை, எத்தனை மூட்டை வந்தது, எத்தனை விற்றது என்ற விவரம் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடுகிறது. கொடுமுடியிலிருந்து வண்டி கட்டும் குடியானவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை எடுக்கிறான். யாராவது ஒரு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால், “நேற்றைய நிலவரம் இது” என்று பத்திரிகையைக் காட்டுகிறான். விலை நிலவரம் வெளியாவதால் எந்த வியாபாரியின் சுதந்தரமும் பறிபோகவில்லை. ஏமாற்று மட்டுமே குறைந்திருக்கிறது.

ஒரு குவிண்டால் மஞ்சளின் விலைக்கு இவ்வளவு வெளிச்சம் இருக்கிறது. ஒரு மனிதனுடைய ஆயுளில் மூன்று வருஷத்தை எடுத்துக்கொள்ளும் உத்தரவுக்கு மட்டும் இந்த வெளிச்சம் ஏன் இல்லை? மஞ்சளையும் மனிதனையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர் இருக்கலாம். ஒப்பிடக் கூடாதுதான். மனிதன் மேலானவன் என்பதாலேயே அவனுடைய கணக்கு இன்னும் திருத்தமாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் அகலம்

நமது கிரிமினல் சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்கு ஒரு மேல் எல்லையைத்தான் விதிக்கிறது. கீழ் எல்லை பல இடங்களில் இல்லை. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சேலம்-கோயமுத்தூர் நெடுஞ்சாலையில் அஜாக்கிரதையாக லாரி ஓட்டி, ஆளுக்கு ஓர் உயிரைப் போக்கிய இரண்டு டிரைவர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் அது முதற் குற்றம். ஒருவருடைய வழக்கு பவானியில் நடக்கிறது, மற்றவருடையது பெருந்துறையில். விபத்துகள் 2024 ஜூலைக்கு முன் நடந்தவையானால், பழைய பீனல் கோடு 304-ஏ பிரிவு பொருந்தும். அதன்படி இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு டிரைவர் அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று மாலையே வீடு திரும்பலாம். மற்றவர் இரண்டு வருஷம் சிறையில் இருக்கலாம். இரண்டும் சட்டப்படி சரியே. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இந்தக் குற்றத்துக்கு மேல் எல்லையை ஐந்து வருஷமாக உயர்த்தியிருக்கிறது. எல்லை உயர்ந்தால் வித்தியாசத்துக்கும் இடம் அதிகமாகும் என்று சொல்லாமலே விளங்கும்.

இந்த அகலத்தை நாம் குறை சொல்லவில்லை. குற்றத்துக்குக் குற்றம் சூழ்நிலை வேறு. மனிதனுக்கு மனிதன் நிலைமை வேறு. குடிவெறியில் ஓட்டியவனையும், கண நேரம் கண்ணயர்ந்தவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. அதற்காகவே நீதிபதிக்கு விவேகத்தைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம், குற்றம் ருஜுவான பிறகு தண்டனையின் அளவைப் பற்றித் தனியாக வாதம் கேட்க வேண்டுமென்றும் விதித்தது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் அந்த வாதத்தில் வக்கீல் எதைக் காட்டி வாதாடுவார்? “குடும்பஸ்தர், சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், கருணை காட்ட வேண்டும்” என்று சொல்வதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. இதே பிரிவில், இதே மாதிரிச் சூழ்நிலையில், கடந்த ஐந்து வருஷங்களில் இந்த ஜில்லாவில் நூறு பேருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பது அவருக்கும் தெரியாது; அரசாங்க வக்கீலுக்கும் தெரியாது; நீதிபதிக்கும் தெரியாது. இருட்டில் மூவரும் சேர்ந்து ஓர் அளவைத் தடவிப் பார்க்கிறார்கள்.

இருப்பது எது, இல்லாதது எது

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே” என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் நிறையவே இருக்கிறது. 2007-ல் தொடங்கிய ஈ-கோர்ட்ஸ் திட்டத்தினால் ஜில்லா கோர்ட்டுகள் கணினி மயமாயின. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். அடையாளம் உண்டு. அதைக் கொடுத்தால் வழக்கின் நிலை தெரியும். அடுத்த வாய்தா தெரியும். பல வழக்குகளில் தீர்ப்பின் நகலும் கிடைக்கும். 2015 செப்டம்பரில் தேசிய நீதித்துறைத் தகவல் தொகுப்பு பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. ஜில்லா கோர்ட்டுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதை இன்று ஒரு பள்ளிச் சிறுவன்கூடப் பார்த்துச் சொல்லலாம். ஈ-கோர்ட்ஸின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய மந்திரி சபை 7,210 கோடி ரூபாய் அனுமதித்தது. பணமும் யந்திரமும் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் வழக்கின் வயதையே எண்ணுகின்றன. தண்டனையின் அளவை எண்ணவில்லை. “வழக்கு முடிந்தது, எதிரி தண்டிக்கப்பட்டார்” என்ற அளவில் பதிவு நின்றுவிடுகிறது. எத்தனை மாதம், எவ்வளவு அபராதம், இரண்டு தண்டனைகளை ஒரே காலத்திலா ஒன்றன்பின் ஒன்றாகவா அனுபவிக்க வேண்டும், விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்கள் கழிக்கப்பட்டனவா, நன்னடத்தை நிபந்தனையில் விடப்பட்டாரா என்பதெல்லாம் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் எழுத்தாக இருக்கிறது, எண்ணாக இல்லை. பக்கத்தைப் படிக்கலாம், ஆயிரம் பக்கங்களைக் கூட்டிப் பார்க்க முடியாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் சிறைக் கணக்கு வெளியிடுகிறது. அதிலும் எந்தக் கோர்ட்டு எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு விதிக்கிறது என்ற விவரம் கிடையாது. ஆனால் அது வேறோர் உண்மையைச் சொல்கிறது. 2022-ம் வருஷ முடிவில் தேசத்துச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்குச் சுமார் எழுபத்தாறு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர்கள். இவர்களுக்கும் தண்டனைக் கணக்குக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. மேல் எல்லையாக விதிக்கப்பட்ட காலத்தில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியையும், முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவரானால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் ஜாமீனில் விடும்படி புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. சில பெருங் குற்றங்களுக்கு இது பொருந்தாது. சாதாரணத் திருட்டுக்கு மேல் எல்லை மூன்று வருஷம். அதில் பாதி ஒன்றரை வருஷம். ஆனால் அந்த ஊர்க் கோர்ட்டில் அத்தகைய திருட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது மூன்று மாதந்தான் என்றால், அந்த ஏழை குற்றம் ருஜுவாகாமலே வழக்கமான தண்டனையைப் போல ஆறு மடங்கை அனுபவித்து முடித்துவிடுகிறான். இந்த அக்கிரமம் நடக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாதவரை அவன் பக்கம் பேச வக்கீலுக்கும் வழியில்லை.

ஒரு மாதமல்ல, ஓர் உயிர்

தண்டனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் விடுவதால் சில மாதங்கள் கூடலாம், குறையலாம். அவ்வளவுதானே என்று எண்ணுவோர் 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த ஹர்பன்ஸ் சிங் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொலை வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் அந்தக் குற்றத்தில் ஒரே மாதிரியான பங்கு கொண்டவர்கள். மூவரும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் சுப்ரீம் கோர்ட்டை அணுகினார்கள். ஒருவருடைய மனு 1976-ல் தள்ளுபடியாயிற்று. இன்னொருவருடைய அப்பீலில் 1977-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மூன்றாமவருடைய மனு 1978-ல் தள்ளுபடியாயிற்று. இடையில் ஒருவருக்குத் தண்டனை குறைந்த செய்தி, பிந்திய மனுவைத் தள்ளியபோது நீதிபதிகளின் கவனத்தில் பதியவில்லை. 1981 அக்டோபர் 6-ந் தேதி முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரும் அன்றே தூக்கிலிடப்பட வேண்டியவர்; கடைசி நேரத்தில் மனுச் செய்து தடையுத்தரவு பெற்றதால் பிழைத்தார்.

மூன்று மனிதர்கள், ஒரு குற்றம், ஒரு பங்கு. ஒருவர் இறந்தார், ஒருவர் ஆயுள் கைதியானார், ஒருவர் மயிரிழையில் தப்பினார். சுப்ரீம் கோர்ட்டு இந்த முடிவின் கொடுமையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. பிழைத்தவருக்குக் கருணை காட்டும்படி ஜனாதிபதிக்குச் சிபாரிசு செய்தது. இனி யாரையும் தூக்கிலிடுமுன், உடன் குற்றவாளிகள் எவருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறை அதிகாரி நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் சொல்லிற்று. அந்த யோசனையின் பொருள் என்ன? பக்கத்து ஏட்டைப் புரட்டிப் பார் என்பதுதான். ஓர் உயிர் போன பிறகு நாம் கற்ற பாடம் அது. ஒரே வழக்கில் மூன்று பேருடைய தண்டனைகளே ஒன்றுக்கொன்று தெரியாமல் போகுமானால், வெவ்வேறு ஊர்களில் ஆயிரக்கணக்கான வழக்குகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரோட்டில் பிறந்த நீதிபதியின் சொல்

இந்தக் குறையைச் சுப்ரீம் கோர்ட்டு பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறது. தண்டனை விதிப்பதற்கு இந்த நாட்டில் வழிகாட்டும் விதிகள் இல்லை என்று 2008-ல் சொல்லிற்று. தண்டனை விதிப்பதே குற்ற நீதி பரிபாலனத்தின் இருதயம், அதுவே நம் நாட்டில் மிகவும் பலவீனமான பாகம் என்று 2012 டிசம்பரில் ஒரு கேரள வழக்கில் சொல்லிற்று. 2003-ல் மளிமத் கமிட்டி, தண்டனை விதிகளை வகுக்கச் சட்டப்படி ஒரு கமிட்டி வேண்டுமென்று சிபாரிசு செய்தது. சிபாரிசுகள் அலமாரியில் இருக்கின்றன.

2024 மே 17-ந் தேதி சுனிதா தேவி வழக்கில் வந்த தீர்ப்பை ஈரோட்டு வாசகர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் நீதிபதிகள் எம். எம். சுந்தரேஷும் எஸ். வி. என். பட்டியும். முன்னவர் ஈரோட்டில் பிறந்தவர். பீகாரில் அளவுக்கு மீறிய அவசரத்தில் விசாரணை நடத்தித் தண்டனை விதித்த விவகாரத்தை ஆராய்ந்த அந்தப் பெஞ்சு, தண்டனை என்பது லாட்டரிச் சீட்டுப் போலவோ, நேரத்து ஆவேசத்தின் விளைவாகவோ இருக்கக் கூடாது என்ற கருத்தைத் தெரிவித்தது. விரிவான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பற்றி யோசிக்கும்படி மத்திய சர்க்காருக்கு ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. நம் ஊர் மண்ணில் பிறந்தவர் டெல்லியில் எழுப்பிய கேள்விக்கு நம் ஊரிலிருந்தே வேலை தொடங்குவது பொருத்தமல்லவா?

கொள்கை வரட்டும், வரவேற்போம். ஆனால் கொள்கை வகுப்பதற்கு முன்பே கணக்கு வேண்டும். நோயின் அளவு தெரியாமல் மருந்தின் அளவை எப்படி நிர்ணயிப்பது? கணக்கை வெளியிடுவதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஜில்லா கோர்ட்டுகளின் மேற்பார்வை அரசியல் சட்டத்தின் 227, 235 ஷரத்துகளின்படி ஹைகோர்ட்டின் பொறுப்பு. சென்னை ஹைகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டால் போதும்.

செயலி எப்படி இருக்க வேண்டும்

வேலை மலையைப் பெயர்ப்பது அல்ல. தண்டனை விதித்த அன்றே ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒரு சிறு படிவம் நிரப்பப்பட வேண்டும். குற்றத்தின் சட்டப் பிரிவு; எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, விசாரணை நடந்ததா; முந்திய குற்றம் உண்டா; வக்கீல் சொந்தச் செலவிலா, இலவசச் சட்ட உதவியிலா; சிறைக் காலம்; அபராதம்; நஷ்ட ஈடு; கழிக்கப்பட்ட நாட்கள்; நன்னடத்தைச் சட்டப்படி விடுதலையா; அப்பீலில் என்ன ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். குமாஸ்தாவுக்குச் சில நிமிஷ வேலை. இந்த எண்களை ஹைகோர்ட்டு எல்லோரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பட்டியலாக வெளியிட வேண்டும். படமாகவோ, ஒவ்வொரு தடவையும் எழுத்துப் புதிரை விடுவித்தால் ஒரு வழக்கு மட்டும் தெரியும் விதமாகவோ வெளியிட்டால் பிரயோஜனமில்லை.

பட்டியல் கிடைத்தால் செயலியைச் செய்ய நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பெருந்துறையிலும் கோயமுத்தூரிலும் பொறியியற் கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. அன்னிய தேசத்துக் கம்பெனிகளுக்கு இரவெல்லாம் கணினி வேலை செய்துகொடுக்கும் வாலிபர்கள், சொந்த ஜில்லாவின் கோர்ட்டுக்கு ஒரு மாதம் உழைக்கக் கூடாதா? தனி மனிதரின் முயற்சியால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டாம். 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினி வல்லுநர் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ இன்று வக்கீல்களும் பிரஜைகளும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் இடமாக இருக்கிறது.

செயலியைத் திறந்தவுடன் தமிழில் கேள்வி கேட்கக் கூட வேண்டும். பிரிவையும் ஜில்லாவையும் குறித்தால், அந்தக் குற்றத்துக்கு நூற்றில் எத்தனை பேருக்கு அபராதம் மட்டும், எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குள், எத்தனை பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் என்று படமாகத் தெரிய வேண்டும். கூடவே எத்தனை வழக்குகளிலிருந்து இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது என்பதையும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். ஏழு வழக்குகளை வைத்துக்கொண்டு ஒரு கோர்ட்டின் மீது பழி சொல்வது கணக்கல்ல, வதந்தி.

ஆட்சேபங்கள்

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. நீதிபதிகளின் சுதந்தரம் பாதிக்கப்படும் என்பது முதலாவது. “இந்த நீதிபதி இளகியவர், அந்த நீதிபதி கடுமையானவர்” என்று பட்டியல் போட்டால், மாற்றலுக்குப் பயந்து தீர்ப்பெழுதும் நிலை வரும் என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரான்ஸ் தேசம் 2019-ல் செய்ததைப் போல, நீதிபதியின் பெயரை வைத்து அவர் போக்கை ஆராய்வதையே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குவது அதற்குப் பரிகாரம் அல்ல. கணக்கைக் கோர்ட்டு வாரியாகவும் ஜில்லா வாரியாகவும் காட்டுவது போதுமானது. மேலும் கணக்கு எப்போதும் நீதிபதிகளுக்கு விரோதமாகவே பேசும் என்று ஏன் நினைக்க வேண்டும்? 2010 முதல் 2018 வரையிலான சுமார் எட்டுக் கோடி வழக்குகளின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஈ-கோர்ட்ஸிலிருந்து திரட்டி 2021-ல் வெளியிட்டார்கள். நீதிபதியும் எதிரியும் ஒரே மதத்தவராகவோ, இருவரும் பெண்களாகவோ இருந்தால் விடுதலை அதிகமாகிறதா என்று பார்த்தார்கள். பொதுவாக அத்தகைய பாரபட்சம் தென்படவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. வாய்க்கு வந்தபடி பேசப்படும் ஓர் அபவாதத்துக்கு எண்ணைவிடச் சிறந்த பதில் எது?

அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நாம் முழு மனதோடு ஏற்கிறோம். பாலியற் கொடுமைக்கு ஆளானவர்களின் அடையாளத்தையும், சிறார்களின் அடையாளத்தையும் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. விடுதலையானவருடைய பெயர் என்றென்றும் இணையத்தில் கிடப்பது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. நம் ஹைகோர்ட்டிலேயே 2021-ல் தனி நீதிபதி ஒருவர் அத்தகைய கோரிக்கையை நிராகரித்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் பெஞ்சு அதை ஏற்றது. அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை விதித்தது. ஆனால் தண்டனைக் கணக்குக்குப் பெயர் எதற்கு? குற்றவாளியின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஜாதி ஒன்றும் செயலியில் காட்டத் தேவையில்லை. நாம் கேட்பது நிலவரம். ஆளின் விலாசம் அல்ல.

மூன்றாவது ஆட்சேபம் மற்ற இரண்டையும்விட ஆழமானது. இன்று கணக்கை வெளியிட்டால் நாளை யந்திரமே தண்டனையைத் தீர்மானிக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் எதிரி மறுபடி குற்றம் செய்வாரா என்று ஒரு தனியார் கம்பெனியின் மென்பொருள் மதிப்பெண் போட்டது. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பது எதிரிக்கே தெரியாது. அதை நீதிபதி பார்க்கலாம் என்று அம்மாகாண சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் சில எச்சரிக்கைகளுடன் அனுமதித்தது. அந்த வழி நமக்கு வேண்டாம். மனிதனை மதிப்பிடும் மூடிய யந்திரம் வேறு. தண்டனையை எண்ணிக் காட்டும் திறந்த ஏடு வேறு. நமது செயலி கண்ணாடியாக இருக்க வேண்டும். தராசாக மாறக் கூடாது. அது ‘இவ்வளவு கொடு’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. ‘இதுவரை இவ்வளவு கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். வழக்கத்திலிருந்து விலக நீதிபதிக்குப் பூரண உரிமை உண்டு. விலகினால் காரணம் எழுதட்டும், அவ்வளவே.

பிற தேசங்கள்

இது கனவு அல்ல என்பதற்குப் பிற தேசங்களே சாட்சி. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில் 1986-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஜுடீஷியல் கமிஷன், நீதிபதிகள் மேஜையிலிருந்தே முந்திய தண்டனைகளின் புள்ளி விவரத்தைப் பார்க்கும் ஏற்பாட்டைப் பல வருஷங்களாக நடத்தி வருகிறது. பக்கத்து ராஜ்யமான விக்டோரியாவில், 2004-ல் ஏற்பட்ட தண்டனை ஆலோசனைக் கவுன்சில் குற்ற வாரியாகத் தண்டனைக் கணக்கைப் பொது ஜனங்களுக்கே இலவசமாக இணையத்தில் காட்டுகிறது. அமெரிக்க சமஷ்டித் தண்டனைக் கமிஷன் 2021-ல் இத்தகைய செயலி ஒன்றை வெளியிட்டது. இங்கிலாந்தில் 2010 முதல் தண்டனைக் கவுன்சில் இருக்கிறது.

சீன தேசத்தின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கட்டும். 2014 முதல் அந்நாட்டுக் கோர்ட்டுகள் தீர்ப்புகளை இணையத்தில் குவித்தன. 2020-க்குள் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிற்று. பின்னர் வெளியீடு வேகமாகச் சுருங்கிவிட்டது. சர்க்காரின் தயவால் திறந்த கதவு சர்க்காரின் தயவு தீர்ந்ததும் மூடிக்கொள்ளும். ஆகவே இங்கே கணக்கை வெளியிடுவது கோர்ட்டின் விதியாக எழுதப்பட வேண்டும். அதிகாரியின் உற்சாகத்தை நம்பி இருக்கக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கோர்ட்டு ஆவணங்களைக் கேட்பதற்கும் வரம்பு உண்டு. கோர்ட்டின் சொந்த விதிகளின்படியே நகல் பெற வேண்டுமென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு குஜராத் வழக்கில் தீர்த்துவிட்டது. விதியே திருந்தினாலன்றி வழி பிறக்காது.

செய்ய வேண்டியது

நம் வாசகர்களில் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் அநேகர். அவர்களில் பலர் கோர்ட்டுப் படி ஏறியவர்கள். சிலர் சிறையும் கண்டவர்கள். மறியலில் கைதாகி, ஒரே குற்றச்சாட்டில், ஒரு கோர்ட்டில் எச்சரித்து விடப்பட்டதையும் இன்னொரு கோர்ட்டில் பதினைந்து நாள் விதிக்கப்பட்டதையும் அவர்கள் கதையாகச் சொல்வதுண்டு. அவர்களுக்குக் கட்சியும் பத்திரிகையும் துணை. யாரும் துணையில்லாமல் கூண்டில் நிற்பவனுக்காக அவர்கள் இப்போது பேச வேண்டும்.

ஈரோடு, கோயமுத்தூர் வக்கீல் சங்கங்கள் இந்தப் படிவத்தைத் தயாரித்து ஹைகோர்ட்டுக்கு மகஜர் அனுப்ப வேண்டும். அதற்குக் காத்திராமல், தம் அங்கத்தினர்கள் நடத்திய வழக்குகளின் தண்டனைகளை, பெயர் நீக்கி, ஒரு வருஷத்துக்குத் தாங்களே சேகரிக்கலாம். இலவசச் சட்ட உதவிக் குழுவின் வக்கீல்கள் இதில் முன்னிற்க வேண்டும். அவர்களுடைய கட்சிக்காரர்களுக்கே இதன் பலன் அதிகம். கல்லூரி மாணவர்கள் செயலியை எழுதட்டும். அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் உள்துறை மானியத்தின்போது இந்தக் கேள்வியைக் கிளப்பட்டும்.

தண்டிக்கும் அதிகாரத்தைப் பிரஜைகளின் பெயரால்தான் கோர்ட்டுகள் நடத்துகின்றன. நம் பெயரால் நடப்பது எவ்வளவு என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தவருடைய தண்டனை சரியான அளவா என்று ஒரு தேசமே கேட்டது. இன்று அதே ஊரிலும் ஈரோட்டிலும் பெயர் தெரியாமல் சிறை செல்கிறவனுடைய தண்டனை சரியான அளவா என்று கேட்க, அவனுடைய மனைவிக்காவது ஒரு வழி இருக்க வேண்டாமா?